ஆபரேஷன் முடிந்தது... கரண்ட் மட்டுமா, கீமோவும் சேர்த்தா?

வாய்ப்புற்றுக்கு அறுவை சிகிச்சை செய்யும் எந்தப் பெரிய மருத்துவமனையிலும் வாராவாரம் நடக்கிற காட்சி இது. புறநோயாளிகள் பிரிவின் பெஞ்சில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இருவருக்கும் கன்னத்துப் புற்று. இருவருக்கும் ஒரே வாரத்தில் ஆபரேஷன். காதுக்குக் கீழே தொடங்கிக் கழுத்தைச் சுற்றி வரும் தையல் தழும்பு, வெட்டி எடுத்த கன்னத்துக்குப் பதிலாக நெஞ்சிலிருந்து எடுத்து ஒட்டிய சதை, இன்னும் எடுக்காத மூக்கு டியூப், மடியில் பிளாஸ்டிக் கவருக்குள் ரிப்போர்ட். வார்டில் அடுத்தடுத்த கட்டில் என்பதால் இரு குடும்பத்துக்கும் பழக்கம் வேறு.

முதலில் உள்ளே போனவருக்கு கரண்ட், அதாவது கதிர்வீச்சு மட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்தவரின் மனைவி டாக்டர் எதிரே தயங்கி நிற்கிறார்.

“பக்கத்து பெட் அண்ணனுக்கு கரண்ட் மட்டும் போதும்னுட்டீங்க. இவருக்கு மட்டும் ஏன் சார் கீமோவும் எழுதுறீங்க? இவருக்கு முத்திப்போச்சா?”

“முத்தினதுங்கிறது இல்லம்மா. ரெண்டு பேருக்கும் கட்டி கிட்டத்தட்ட ஒரே அளவுதான். ஆனா இங்க பாருங்க...” டாக்டரின் விரல் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியில் போய் நிற்கிறது.

அந்த ஒரு வரி அடுத்த ஆறேழு வாரங்களை மாற்றிவிடும். உலகப் புற்றுநோய்க் கணக்கெடுப்பான குளோபோகானின் 2022-ம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஓராண்டில் சுமார் 1.4 லட்சம் பேருக்குப் புதிதாக உதடு, வாய்ப்புற்று கண்டறியப்படுகிறது. இந்திய ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்று இதுதான். புகையிலை, பாக்கு, குட்கா என்று காரணங்கள் நாம் அறிந்தவையே. இவர்களில் பெரும்பாலோர் நோய் வளர்ந்த பிறகே வருகிறார்கள். அதனால் கத்தி வைத்த பிறகும் கதை முடிவதில்லை. கரண்ட் மட்டுமா, கீமோவும் சேர்த்தா என்ற கேள்வி ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வாசலில் வந்து நிற்கிறது. பல வீடுகளில் அதற்குப் பயமும் பணமும் பதில் சொல்லிவிடுகின்றன. பதில் சொல்ல வேண்டியது ரிப்போர்ட்டும் காலண்டரும்தான்.

மை தொட்ட இடம்

வெட்டி எடுத்த சதை நோய்க்கூறியல் ஆய்வகத்துக்குப் போனதும், அதன் வெளி விளிம்பு முழுவதும் மை பூசப்படுகிறது. பிறகு மெல்லிய சீவல்களாக அறுத்து மைக்ராஸ்கோப்பில் வைக்கிறார்கள். புற்றுச் செல்களுக்கும் அந்த மைக்கோட்டுக்கும் இடையே எவ்வளவு நல்ல சதை இருக்கிறது என்று மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் நிம்மதி. அதற்குக் குறைந்தால் நெருக்கமான விளிம்பு. புற்று மையையே தொட்டுக்கொண்டிருந்தால், வாய்க்குள் ஏதோ மிச்சம் இருக்கிறது என்று பொருள். முடிந்தால் மறுபடி வெட்டி எடுப்பார்கள். முடியாத இடமென்றால் அடுத்த ஆயுதத்தைத் தேட வேண்டும்.

இரண்டாவதாகப் பார்ப்பது கழுத்து நெறிகளை, அதாவது நிணநீர் முடிச்சுகளை. கட்டியோடு சேர்த்துக் கழுத்திலிருந்து எடுத்த நெறிகளைப் பொறுக்கி எண்ணி, எத்தனையில் புற்று ஏறியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். ஒவ்வொரு நெறிக்கும் மேலே மெல்லிய உறை ஒன்று உண்டு. புற்று அந்த உறைக்குள்ளேயே அடங்கியிருப்பது வேறு, உறையைக் கிழித்துக்கொண்டு வெளிச்சதைக்குள் இறங்கியிருப்பது வேறு. இரண்டாவது வகை எவ்வளவு ஆபத்தானது என்றால், 2018-ல் நடைமுறைக்கு வந்த, புற்றுநோய் நிலைப் பகுப்பு முறையின் எட்டாம் பதிப்பில் உறை மீறலுக்குத் தனி இடமே கொடுத்துவிட்டார்கள்.

கீமோ சேர்ப்பதா என்ற கேள்விக்கு முக்கியமான விடைகள் இந்த இரண்டும்தான்: விளிம்பில் புற்று, உறை மீறிய நெறி.

■ பெட்டி: யாருக்கு எது?

கூடுதல் சிகிச்சை இல்லாமல் கண்காணிப்பு: சிறிய கட்டி, சுத்தமான விளிம்பு, நெறியில் புற்று இல்லை, வேறு ஆபத்து அறிகுறி எதுவும் இல்லை.

கதிர்வீச்சு மட்டும்: பெரிய அல்லது தாடை எலும்பு, தோல் வரை பாய்ந்த கட்டி, ஒன்றுக்கு மேற்பட்ட நெறிகளில் புற்று, நரம்பைச் சுற்றியோ ரத்த, நிணநீர்க் குழாய்களுக்குள்ளோ புற்றுச் செல்கள், நெருக்கமான விளிம்பு. வழக்கமான அளவு 60 கிரே, 30 தவணைகள், 6 வாரம்.

கதிர்வீச்சுடன் கீமோ: விளிம்பில் புற்று, அல்லது உறை மீறிய நெறி. கதிர் அளவு பெரும்பாலும் 66 கிரே வரை, 33 தவணைகள், கூடவே சிஸ்பிளாட்டின்.

(ஒருவரின் வயது, சிறுநீரகம், காது, உடல்பலம் பார்த்து மருத்துவக் குழு இதை மாற்றும்.)

2004: ஒரே இதழில் இரண்டு ஆய்வுகள்

கதிரையும் மருந்தையும் சேர்த்துக் கொடுப்பதில் தமிழ்நாட்டுக்குப் பழைய தொடர்பு உண்டு. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் டாக்டர் எஸ்.கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் வி.சாந்தாவும் வாய்ப்புற்றுக்கு பிளியோமைசின் மருந்தையும் கதிர்வீச்சையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்து, 1980-க்குள்ளேயே ஆய்வு முடிவுகளை வெளியிட்டார்கள். அது கட்டி உள்ளே இருக்கும்போதே கொடுத்த சிகிச்சை. ஆபரேஷனுக்குப் பிறகு கீமோ தேவையா என்ற கேள்விக்கு உறுதியான விடை வரக் கூடுதலாகக் கால் நூற்றாண்டு ஆனது.

2004 மே மாதம் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழின் ஒரே இதழில் ஐரோப்பாவிலிருந்து ஓர் ஆய்வும், அமெரிக்காவிலிருந்து ஓர் ஆய்வும் வெளிவந்தன. இரண்டிலும் ஆபரேஷன் ஆன நோயாளிகளில் பாதிப் பேருக்குக் கதிர் மட்டும். மீதிப் பேருக்குக் கதிரோடு மூன்று வாரத்துக்கு ஒரு முறை சிஸ்பிளாட்டின். 334 பேர் பங்கேற்ற ஐரோப்பிய ஆய்வில், ஐந்து ஆண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் கதிர் மட்டும் பெற்றவர்களில் 40 சதவீதம். கீமோவும் பெற்றவர்களில் 53 சதவீதம். அமெரிக்க ஆய்விலோ, இரண்டு ஆண்டு வரை அதே இடத்தில் நோய் திரும்பாதவர்கள் 72-லிருந்து 82 சதவீதமாக உயர்ந்தார்கள். ஆனால் ஆயுள் கூடியது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கடும் பக்கவிளைவுகள் 34-லிருந்து 77 சதவீதத்துக்குத் தாவின.

ஏன் இந்த முரண்பாடு? இரு குழுவினரும் தரவுகளை ஒன்றாகப் போட்டு 2005-ல் அலசினார்கள். விளிம்பில் புற்று, உறை மீறிய நெறி ஆகிய இரண்டில் ஒன்றாவது இருந்தவர்களிடம்தான் கீமோவின் பலன் தெளிவாகத் தெரிந்தது. மற்ற ஆபத்து அறிகுறிகள் மட்டும் இருந்தவர்களுக்குப் பக்கவிளைவு கிடைத்ததே தவிர, பலன் தெளிவாகக் கிடைக்கவில்லை. அமெரிக்க ஆய்வின் பத்தாண்டுக் கணக்கும் அதையே சொன்னது. இந்த இரண்டு அறிகுறிகளில் ஒன்றாவது இருந்தவர்களில், வாய், கழுத்துப் பகுதியில் நோய் திரும்பியது கதிர் மட்டும் பெற்றவர்களில் 33 சதவீதம், கீமோ சேர்ந்தவர்களில் 21 சதவீதம்.

மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வு ஒன்று இதற்கு மறுபக்கத்திலிருந்து வலுச்சேர்க்கிறது. ஆபரேஷன் ஆன வாய்ப்புற்று நோயாளிகள் 900 பேரை மூன்றாகப் பிரித்தார்கள்: வழக்கமான கதிர், கீமோவோடு கதிர், வாரத்துக்கு ஆறு நாள் வேகக் கதிர். எல்லோரையும் ஒட்டுமொத்தமாகப் பார்த்தபோது தீவிரம் கூட்டியதால் தெளிவான லாபம் இல்லை. கீமோவை எல்லோருக்கும் எழுதுவது கூடுதல் பாதுகாப்பு ஆகாது. பக்கத்துக் கட்டில்காரருக்குக் கிடைக்காததால் அவர் ஏமாற்றப்படவும் இல்லை.

அளவு குறைந்தால் பலனும் குறையும்

சிஸ்பிளாட்டினின் ஆற்றலைத் தற்செயலாகக் கண்டுபிடித்தவர் அமெரிக்க விஞ்ஞானி பார்னெட் ரோசன்பர்க், ஆண்டு 1965. பிளாட்டினம் கலந்த இந்த மருந்து, கதிர் உடைத்த புற்றுச் செல்லின் மரபணு இழை மறுபடி ஒட்டிக்கொள்வதைத் தடுக்கிறது. இடிந்த சுவரைப் பூச வந்த கொத்தனாரின் கையைக் கட்டிப்போடுகிற வேலை அது. அதனால்தான் கதிர் நடக்கும் அதே வாரங்களில் அது ரத்தத்தில் இருக்க வேண்டும். “கரண்டுக்கு அலைய முடியாது, கீமோ மட்டும் போட்டுக்கிறோம்” என்று கேட்பவர்கள் உண்டு. இங்கே அது மாற்றே அல்ல. கதிர்தான் முதன்மை ஆயுதம். மருந்து அதற்குத் துணை.

மூல ஆய்வுகளில் கொடுத்தது உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 100 மி.கி., மூன்று வாரத்துக்கு ஒரு முறை, மூன்று தடவை. நம் ஊர் நோயாளிகளுக்கு அது தாங்காது என்ற தயக்கத்தில், பல இடங்களில் வாரம் ஒரு முறை 30 மி.கி. என்று கொடுக்கும் பழக்கம் வேரூன்றியது. டாடா மருத்துவமனை அதையும் 300 பேரிடம் சோதித்தது. பங்கேற்றவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆபரேஷன் முடிந்தவர்களே. 2018-ல் வந்த முடிவு: இரண்டாண்டு நோய்க் கட்டுப்பாடு வாராந்தர 30 மி.கி. குழுவில் 58.5 சதவீதம், மூன்று வார 100 மி.கி. குழுவில் 73.1 சதவீதம். பெரிய அளவில் பக்கவிளைவு கூடுதல்தான். ஆனால் பலனும் கூடுதல்.

அதோடு வாராந்தர முறை செத்துவிடவில்லை. ஜப்பான் மருத்துவர்கள் ஆபரேஷன் ஆன, ஆபத்து மிகுந்த 261 பேரிடம் வாரம் 40 மி.கி. கொடுத்துப் பார்த்தார்கள். 2022-ல் வெளியான முடிவில் மூன்றாண்டு உயிர்வாழ்வு வாராந்தரக் குழுவில் 71.6 சதவீதம், மூன்று வாரக் குழுவில் 59.1 சதவீதம். வாரம் 40 மி.கி. எந்த வகையிலும் குறைந்ததல்ல என்று நிரூபணமானது. சிறுநீரகத்துக்கும் காதுக்கும் அது கொஞ்சம் மென்மையாகவும் நடந்துகொண்டது. வாரத்துக்கு 30, 40 என்ற அந்த 10 மி.கி. வித்தியாசம் சாதாரணமானதல்ல. ‘வாராவாரம் கீமோ’ என்றால் அளவு எவ்வளவு என்று கேட்பது நோயாளியின் உரிமை.

சிறுநீரகம் பழுது, ஏற்கெனவே காது மந்தம் என்று சிஸ்பிளாட்டின் ஒத்துக்கொள்ளாதவர்களை என்ன செய்வது? அதற்கும் விடை டாடாவிலிருந்தே வந்தது. வாரம் 15 மி.கி. என்ற மிகச் சிறிய அளவில் டோசிடாக்சலைக் கதிரோடு கொடுத்தபோது, இரண்டாண்டு உயிர்வாழ்வு 41.7-லிருந்து 50.8 சதவீதமாக உயர்ந்ததை 2023-ல் வெளியிட்டார்கள். விலை குறைந்த பழைய மருந்து அது. வயதிலும் கவனம் வேண்டும். உலகளாவிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், கீமோ சேர்ப்பதன் பலன் வயது ஏற ஏறக் குறைந்து, 70-ஐத் தாண்டியவர்களிடம் தென்படாமல் போனது. “அப்பாவுக்கு எதையும் விட்டுடாதீங்க டாக்டர்” என்று மன்றாடும் மகன்கள் தெரிந்துகொள்ள வேண்டிய தகவல் இது.

ஆறு வாரம் எங்கே போகிறது?

எந்த மருந்து என்பதைவிடக் குடும்பங்கள் கோட்டை விடுவது நாள் கணக்கில்தான். ஆபரேஷன் நடந்த தேதியிலிருந்து 6 வாரத்துக்குள் கதிர்வீச்சு தொடங்கிவிட வேண்டும். தொடங்கினால் இடையில் நிறுத்தக் கூடாது. 2001-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, ஆபத்து மிகுந்த நோயாளிகளில் ஆபரேஷன் நாள் முதல் கடைசிக் கதிர் நாள் வரை 11 வாரத்துக்குள் முடித்தவர்களுக்கும் 13 வாரத்தைத் தாண்டியவர்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருப்பதைக் காட்டியது. மிச்சமிருக்கும் புற்றுச் செல்கள், நாம் ஓய்வெடுக்கும் நாட்களில் பெருகிக்கொண்டே இருக்கின்றன.

அந்த 6 வாரம் எப்படிக் கரைகிறது என்று பாருங்கள். சதைக்கான ரிப்போர்ட் வர ஒரு வாரம், பத்து நாள். தாடை எலும்பும் வெட்டப்பட்டிருந்தால், அதை அமிலத்தில் ஊறவைத்து மென்மையாக்கிய பிறகே சீவ முடியும் என்பதால் இன்னும் தாமதம். தையல் ஆறாமல் எச்சில் கசிந்தால் ஓரிரு வாரம். பிறகு பல் டாக்டரிடம் போனால், “நாலு பல் எடுக்கணும்” என்பார். பல் எடுத்த குழி ஆற இரண்டு வாரமாவது வேண்டும். அதற்குப் பிறகு காப்பீட்டு அனுமதி, முகக்கவசம், ஸ்கேன், திட்டமிடல்.

முகக்கவசம் செய்கிற அறையில் கெட்டியான பிளாஸ்டிக் வலை ஒன்றை வெந்நீர்த் தொட்டியில் போடுகிறார்கள். அது துணி போலத் துவண்டதும் எடுத்து, படுத்திருப்பவரின் முகத்திலும் கழுத்திலும் இழுத்துப் பொருத்துகிறார்கள். சில நிமிடங்களில் இறுகி, மூக்கும் தாடையும் அச்சாகப் பதிந்துவிடுகிறது. இனி ஒவ்வொரு நாளும் அதைப் போட்டு மேஜையோடு பூட்டித்தான் கதிர் கொடுப்பார்கள். தலை அசையக் கூடாது. கவசம் செய்து, சி.டி. ஸ்கேன் எடுத்து, கதிர் விழ வேண்டிய இடத்தையும் விழக் கூடாத உமிழ்நீர்ச் சுரப்பி, தண்டுவடம் போன்றவற்றையும் வரைந்து முடிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம். இத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தால் 6 வாரம் எப்படிப் போதும்? சொத்தைப் பற்களை ஆபரேஷன் மேஜையிலேயே எடுத்துவிடலாம். காப்பீட்டுத் தாள்களை ரிப்போர்ட் வரும் முன்பே தயார் செய்யலாம்.

தொடங்கிய பிறகும் ஆபத்து நீங்கவில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை, 30 அல்லது 33 நாள். பொங்கல் விடுமுறை, இயந்திரக் கோளாறு, வீட்டில் ஒரு சாவு, புண் தாங்காமல் “ஒரு வாரம் ரெஸ்ட் எடுத்துட்டு வர்றேன்” என்ற முடிவு என ஒவ்வொன்றும் நாளைத் தின்னும். விட்டுப்போன நாளைச் சனிக்கிழமை சேர்த்தோ, ஒரே நாளில் ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை கொடுத்தோ ஈடுகட்ட வழி இருக்கிறது. ஆனால் அதை அந்த வாரத்திலேயே கேட்க வேண்டும்.

ரசம் சாதமும் எரியும்

இரண்டாவது வாரத்தில் ருசி போகும். மூன்றாவது வாரத்தில் வாய் புண்ணாகத் தொடங்கும். நான்கு, ஐந்தாவது வாரங்களில் ரசம் சாதம்கூட எரியும். கழுத்துத் தோல் கறுத்து உரியும். எச்சில் பசை போல் கெட்டியாகும். கீமோவும் சேர்ந்திருந்தால் இவை ஒரு படி கூடும். வாந்தி, ரத்த அணுக்கள் குறைதல், காதில் இரைச்சல் ஆகியவையும் கூடும். பலர் பாதியில் ஓடிப்போவது இந்த நான்காவது வாரத்தில்தான்.

இதைத் தாண்ட வைப்பது பெரும்பாலும் சமையலறைதான். உப்பும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரால் அடிக்கடி கொப்பளிப்பது, காரம் இல்லாத கேழ்வரகுக் கூழ், கஞ்சி, முட்டை, பால், மோர், சாப்பிடும் முன் டாக்டர் தரும் மரத்துப்போகும் மருந்து. அப்படியும் எடை சரிந்தால் மூக்கு டியூப். டியூப் போட்டால் கடைசிக் கட்டம் என்று நினைத்து மறுப்பவர்கள் அதிகம். சிகிச்சையை நிறுத்தாமல் முடிக்க உதவும் தற்காலிக வழி அது. இன்னொரு வீண் பயமும் உண்டு: வெளியிலிருந்து கொடுக்கும் கதிர் உடலில் தங்குவதில்லை. பேரக்குழந்தையைத் தூக்கிக் கொஞ்சத் தடையே இல்லை.

கதிர் முடிந்து ஒன்றரை மாதத்தில் புண் ஆறிவிடும். சில விளைவுகள் தங்கிவிடும். பிரிட்டனில் 94 பேரிடம் நடந்த ஆய்வில், பழைய முறைக் கதிரில் 74 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குப் பிறகும் வாய் கணிசமாக உலர்ந்திருந்தது. சுரப்பியைத் தவிர்த்துக் கதிரைச் செதுக்கும் ஐ.எம்.ஆர்.டி. முறையில் அது 38 சதவீதமாகக் குறைந்தது. வாய் திறப்பு குறைவது இன்னொரு தொல்லை. பாக்குப் பழக்கத்தால் கன்னம் ஏற்கெனவே இறுகிய நம் ஊர் நோயாளிகளுக்கு இது இரட்டிப்பு. ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே வைத்து, வாரம் ஒரு குச்சி கூட்டும் பயிற்சியை முதல் நாளிலிருந்தே செய்தவர்கள் சோற்று உருண்டையை மீண்டும் வாயில் வைக்கிறார்கள். தைராய்டு மெல்ல மந்தமாகலாம். ஆறு மாதம், ஓராண்டுக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை போதும்.

■ பெட்டி: மறக்கக் கூடாதவை

• கதிர் பட்ட தாடையில் பல் எடுத்தால் எலும்பு அழுகலாம். எத்தனை ஆண்டு கழித்தும், எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் முதலில் இதைச் சொல்லுங்கள்.
• சிஸ்பிளாட்டினுக்கு முன் கிரியாட்டினின் பரிசோதனையும் கேட்கும் திறன் பரிசோதனையும் அவசியம். ஊசி போட்ட நாட்களில் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும்; வலி மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.
• 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் என்றால் அடுத்த நாள் வரை காத்திருக்காதீர்கள்.
• சிகிச்சை நடக்கும்போது புகையிலையைத் தொடர்ந்தால் கதிரின் பலன் குறையும்.
• நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளில்தான். ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒரு முறை காட்டுவதை விட்டுவிடாதீர்கள்.

புது மருந்து, பழைய இடைவெளி

இருபது ஆண்டுக்குப் பிறகு இந்தக் களத்தில் புது வரவாக நோயெதிர்ப்பு மருந்து வந்திருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்பும் பின்பும் பெம்ப்ரோலிசுமாப் சேர்த்தால் நோய் திரும்புவது தள்ளிப்போகிறது என்று 714 பேரிடம் நடந்த பன்னாட்டு ஆய்வு காட்டியதால், 2025 ஜூனில் அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்தது. அங்கேயும் கதிரையும், தேவையானவர்களுக்குக் கீமோவையும் விடவில்லை. அவற்றோடுதான் புது மருந்தைச் சேர்த்தார்கள். அதன் விலை நம் நாட்டில் பெரும்பாலானவர்களின் கைக்கு எட்டாது.

எட்டுகிற தூரத்தில் இருப்பவை வேறு. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை பாதுகாப்பு உண்டு. ரயிலில் புற்றுநோயாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் கதிர்வீச்சு இயந்திரம் பெரிய ஊர்களில்தான் இருக்கிறது. தினக்கூலி ஒருவர் ஆறேழு வாரம் வேலையை விட்டு, துணைக்கு வருபவரின் கூலியையும் இழந்து, பத்து நிமிடச் சிகிச்சைக்காக நாள் முழுக்கப் பயணம் செய்ய வேண்டியிருக்கிறது. சிகிச்சை இலவசமாகவே இருந்தாலும், தங்க இடமும் சாப்பாடும் இல்லாததால் பாதியில் நிற்பவர் உண்டு. பெரும் பணம் செலவழித்துச் செய்த ஆபரேஷனின் பலன், அதைவிடப் பல மடங்கு குறைந்த செலவில் கிடைக்கும் ஒரு தங்குமிடம் இல்லாமல் வீணாகிறது.

செலவே இல்லாத ஒரு மாற்றத்தை மருத்துவமனைகள் நாளையே தொடங்கலாம். ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும்போதே, அதிலிருந்து ஐந்தாவது வாரத்தில் கதிர்வீச்சுக்கும் ஓர் இடத்தைப் பதிவு செய்துவிடுவதுதான் அது. ரிப்போர்ட் சுத்தமாக வந்தால் அந்த இடம் வேறொருவருக்குப் போகட்டும். குடும்பங்கள் டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் மூன்றே கேள்விகள் கேட்டால் போதும்: விளிம்பு எப்படி இருக்கிறது? நெறியின் உறை மீறியிருக்கிறதா? கரண்ட் எந்தத் தேதியில் தொடங்கும்? முதல் இரண்டுக்கும் ரிப்போர்ட் வரும்வரை பொறுக்கலாம். மூன்றாவதற்கு ஒரு தேதி வாங்காமல் வீட்டுக்குக் கிளம்பக் கூடாது.